ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

கணக்கு உபாத்தியாயர் ஒருவர் சீட்டாட்டத்தில் ஜெயிக்கும் வழியைப் பற்றி எழுதப் புகுந்தால், நேயர்கள் புருவத்தை நெரிப்பது நியாயந்தான். நம் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் திருக்குறளில் ‘சூது’ என்னும் அதிகாரத்தை நடத்தும் குரல் சுவரைத் தாண்டி நம் வகுப்புக்குக் கேட்கும். அதே சமயத்தில் நாம் கரும்பலகையில் நிகழ்தகவுக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதும் இந்தப் பக்கம் நடப்பதும் ஒரே பாடந்தான் என்று தெரிந்துகொள்ள, நாம் பாதி உலகத்தைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

2024-ஆம் வருஷக் கோடை விடுமுறையில் காலிபோர்னியா ராஜ்யத்துக்குப் போயிருந்தோம். அங்கே சான் ஹோஸே நகரத்தில் நம் தம்பிக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். மனைவி, இரண்டு குழந்தைகள், சொந்த வீடு, வாசலில் ஒரு எலுமிச்சை மரம். பார்த்த மாத்திரத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் நாம் போய்ச் சேர்ந்த நாலாம் நாள், தம்பி ஆபீசுக்குப் போன பிறகு, அவன் மனைவி சில பாங்கிக் காகிதங்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

“அண்ணா, நீங்கள் கணக்கு வாத்தியார். இதை ஒரு தடவை கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் ஒரே இடத்தில் எடுத்த தொகைகள். நூறு, நூற்றிருபது, எண்பது, சில நாள் இருநூறு. திரும்பி வந்து கட்டிய தொகைகளைக் கழித்து ஒரு வருஷத்துக்குக் கூட்டினோம். 6,180 டாலர் வந்தது. தம்பி மூன்று வருஷமாக ஊருக்கு வரவில்லை. கும்பகோணத்தில் எழுபத்து மூன்று வயதான நம் தாயார் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். “நாலு பேருக்கு டிக்கெட் கட்டுப்படியாகவில்லை, அம்மா” என்று அவன் டெலிபோனில் சொல்வது வழக்கம். அந்த நாலு டிக்கெட்டின் விலை ஏறக்குறைய அந்த 6,180 டாலர்தான்.

அன்றிரவு அவனிடம் ஜாடையாகக் கேட்டோம். அவன் மறைக்கவில்லை. “சில்லறை ஆட்டம் அண்ணா, நாலு டாலர், எட்டு டாலர். சினிமாவுக்குப் போனாலும் அந்தச் செலவு ஆகாதா? வேண்டுமானால் நீயும் வந்து பாரேன்” என்றான். பிரசங்கம் செய்வதற்கு முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வது உபாத்தியாயர் தர்மம். ஆகவே அடுத்த வெள்ளிக்கிழமை அவனுடன் கிளம்பினோம்.

அது சட்டப்படி லைசென்ஸ் பெற்ற சீட்டாட்ட மண்டபம். நாம் கற்பனை செய்திருந்தபடி புகை மண்டிய குகை அல்ல. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தைப் போல் வெளிச்சமாக இருந்தது. காலிபோர்னியாவில் இப்படிப்பட்ட மண்டபக்காரர்கள் தாங்கள் ஆடுவதில்லை. ஆடுகிறவர்களுக்குள்ளேதான் பணம் கைமாறும். மண்டபம் ஒவ்வோர் ஆட்டத்திலும் தன் கூலியை மட்டும் எடுத்துக்கொள்ளும். இந்தக் கூலியைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

ஆட்டத்தின் பெயர் டெக்ஸாஸ் ஹோல்டெம், போக்கர் குடும்பத்தைச் சேர்ந்தது. டெக்ஸாஸ் ராஜ்யத்தில் ராப்ஸ்டவுன் என்னும் சிற்றூரே இதன் பிறப்பிடம் என்று அந்த ராஜ்யத்துச் சட்டசபை 2007-இல் தீர்மானம் செய்து கௌரவித்திருக்கிறது. 1960-களில் அது லாஸ் வேகாஸ் நகரத்துக்குப் போய், அங்கிருந்து உலகமெல்லாம் பரவிற்று. விதிகள் சுலபம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுக் கவிழ்த்துக் கொடுப்பார்கள். பிறகு மேஜை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுக்களைத் திறந்து வைப்பார்கள். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. கையிலுள்ள இரண்டும் பொதுவிலுள்ள ஐந்துமாக ஏழில், சிறந்த ஐந்து யாருக்கு அமைகிறதோ அவருக்கு நடுவில் குவிந்த பணம் சேரும்.

பந்தயம் நான்கு தடவை நடக்கும். நாம் ஆடிய மேஜையில் முதல் இரண்டு தடவை 4 டாலர் வீதம், பின் இரண்டு தடவை 8 டாலர் வீதம். ஒரு சுற்றில் பந்தயம் ஒன்று, அதன்மேல் உயர்த்துவது மூன்று தடவை. இதற்கு மேல் ஒருவரும் கட்ட முடியாது. ‘லிமிட்’ ஆட்டம் என்பது இதுதான். வீட்டுப் பத்திரத்தை மேஜைமேல் வீசும் சினிமாக் காட்சிக்கு இங்கே இடமில்லை. தொடர விருப்பமில்லாதவர் எந்தக் கட்டத்திலும் தம் சீட்டைக் கீழே வைத்துவிட்டு விலகலாம். அதுவரை போட்டது போனதுதான்.

கடைசியாகத் திறக்கும் ஐந்தாவது சீட்டுக்கு ‘ரிவர்’, அதாவது ஆறு, என்று பெயர். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று நம் பாட்டிமார் சொன்னபோது இந்த ஆற்றை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்த மேஜைக்கு அந்தப் பழமொழி அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது.

மேஜையைச் சுற்றி ஒன்பது பேர். தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற எழுபது வயதுக் கிழவர் ஒருவர். வியட்நாம் தேசத்திலிருந்து குடியேறிய பாட்டியம்மாள் ஒருத்தி. ஒரு லாரி டிரைவர். நம் தம்பியைப் போன்ற ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் நாலைந்து பேர். எல்லாரும் சாதுக்கள். ஒருவரை ஒருவர் நலம் விசாரித்துக்கொண்டார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒன்பது பேரில் ஆறு பேர், ஏழு பேர் பணம் போட்டுத் தொடர்ந்து வந்தார்கள். கையில் என்ன இருந்தாலும் சரி, “நடுவில் என்ன வருகிறதோ பார்ப்போமே” என்பதே அங்கே சித்தாந்தம்.

முதல் நாள் மூன்று மணி நேரத்தில் நாம் 100 டாலர் தோற்றோம். தோற்ற விதத்தை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறோம். போக்கர் என்றால் வெறுங்கையை வைத்துக்கொண்டு முகத்தைக் கல்லாக்கி எதிராளியை மிரட்டுவது என்று சினிமாவில் பார்த்திருந்தோம். ஒன்றுக்கும் உதவாத சீட்டை வைத்துக்கொண்டு, தபால்காரக் கிழவர் எதிரில் கம்பீரமாக 8 டாலர் உயர்த்தினோம். அவர் நம் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. தம் சீட்டையே பார்த்துக்கொண்டு சாவதானமாகப் பணத்தைப் போட்டார். அவரிடம் இருந்தது ஒரு ஜோடி மூன்று! அந்த அற்ப ஜோடி நம் கம்பீரத்தைத் தின்றுவிட்டது.

வீடு திரும்பியதும் வெட்கம் ஒரு பக்கம், கணக்கு வாத்தியாருக்குரிய ரோஷம் ஒரு பக்கம். சில்லறை ஆட்டங்களுக்கென்றே லீ ஜோன்ஸ் என்பவர் 1994-இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். எட் மில்லர், ஸ்க்லான்ஸ்கி, மால்முத் ஆகிய மூவர் சேர்ந்து 2004-இல் வேறொன்று வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டையும் வரவழைத்துப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தோம். கானடா தேசத்து ஆல்பர்ட்டா சர்வகலாசாலையார் இந்த லிமிட் ஆட்டத்தையே, இருவர் மட்டும் ஆடும் வகையில், கம்ப்யூட்டரைக்கொண்டு ஏறக்குறைய முற்றிலும் தீர்த்துவிட்டதாக 2015-இல் அறிவித்தார்கள் என்ற செய்தியும் கிடைத்தது. ஆனால் ஒன்பது பேர் வேடிக்கையாக உட்கார்ந்திருக்கும் மேஜைக்கு அவ்வளவு பெரிய யந்திரம் தேவையில்லை. எட்டாம் வகுப்பு விகிதக் கணக்குப் போதும். கூடவே கொஞ்சம் வைராக்கியம் வேண்டும். கணக்கு சுலபமாக வந்தது, வைராக்கியத்துக்குத்தான் நாளாயிற்று.

நாம் கற்ற முதல் பாடம், சீட்டைக் கீழே வைப்பது. ஐம்பத்திரண்டு சீட்டில் இரண்டு சீட்டை 1,326 விதமாக எடுக்கலாம். நிற வேற்றுமையை ஒதுக்கி இனம் பிரித்தால் 169 இனம். இவற்றில் பணம் போடத் தக்கவை ஐந்திலோ ஆறிலோ ஒரு பங்குதான். பெரிய ஜோடிகள், ஏஸ், ராஜா, ராணி போன்ற பெரிய சீட்டு இரண்டு, ஒரே ஜாதியில் ஏஸும் இன்னொன்றும், பல பேர் மலிவாக வரும்போது சிறு ஜோடிகள். சிறு ஜோடிக்கு மூன்றாவது துணை முதல் மூன்று சீட்டில் கிடைப்பது எட்டுத் தடவைக்கு ஒரு தடவைதான். கிடைத்தால் நல்ல லாபம். கிடைக்காவிட்டால் மறு பேச்சில்லாமல் கீழே வைத்துவிட வேண்டும். நம் முறை முதலில் வருகிறதா, கடைசியில் வருகிறதா என்பதும் முக்கியம். கடைசியில் பேசுகிறவன் மற்றவர்கள் பேசியதைக் கேட்டுவிட்டுப் பேசுகிறான் அல்லவா? ஆகவே முதலில் பேச வேண்டிய இடத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

எழுதுவதற்கு இது எளிது. மேஜையில் உட்கார்ந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். ஒரு மணிக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து ஆட்டம். அதில் இருபத்தெட்டு, முப்பது ஆட்டங்களில் நாம் வெறும் பார்வையாளர். மற்றவர்கள் சிரிக்கிறார்கள், பணம் குவிகிறது, கீழே வைத்த நம் சீட்டே கடைசியில் ஜெயித்திருக்கும் என்று சில சமயம் தெரியவருகிறது. அப்போது மனசு படும் பாடு சொல்லி முடியாது. பந்தியில் உட்கார்ந்து இலையை மூடிவிட்டு மற்றவர்கள் பாயசம் சாப்பிடுவதைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

இரண்டாம் பாடம், மிரட்டாமல் இருப்பது. ஆறு பேர் போட்டுக் குவிந்த பணம் நாற்பது, ஐம்பது டாலர் நடுவில் கிடக்கும்போது, இன்னும் 8 டாலருக்குப் பயந்து எல்லாரும் விலகுவார்கள் என்று எதிர்பார்ப்பது பேதைமை. யாராவது ஒருவர் பார்த்தே தீருவார். ஆகவே இந்த மேஜையில் பொய்க்கு விலை இல்லை. நல்ல சீட்டு உள்ளவன் நல்ல சீட்டு இருக்கிறது என்றே ஆட வேண்டும். சூதாட்ட மேஜையில் சத்தியம் லாபகரமாக இருப்பதைக் கண்டபோது நமக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மூன்றாம் பாடம், நல்ல சீட்டு வந்தால் கூச்சப்படாமல் உயர்த்துவது. சாது சுபாவம் உள்ளவர்களுக்கு இது முதல் பாடத்தைவிடக் கடினம். இரண்டு ஏஸ் ஒரே கையில் வருவது 221 தடவைக்கு ஒரு தடவை. ஒரே ஓர் எதிராளி இருந்தால் அந்த ஜோடி நூற்றுக்கு எண்பத்தைந்து தடவை ஜெயிக்கும். ஒன்பது எதிராளிகளும் எதையாவது வைத்துக்கொண்டு கடைசி வரை வந்தால் முப்பத்தொரு தடவைதான் ஜெயிக்கும். “இவ்வளவு நல்ல சீட்டு வந்தும் தோற்கிறேனே! மூடர்களோடு ஆடி ஜெயிக்கவே முடியாது” என்று புதிதாக ஆடுகிறவர்கள் புலம்புவது இதனால்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவராக, குவியலில் பத்தில் ஒரு பங்கு போடுகிறோம். பத்துக்கு மூன்று தடவை முழுக் குவியலையும் எடுக்கிறோம். தோற்கும் தடவைகள் அதிகம், லாபமும் அதிகம்! நம் மாணாக்கர்களுக்குச் சராசரியைப் புரியவைக்க இருபது வருஷமாகத் தேடிய உதாரணம் இதைவிடச் சிறந்ததாக ஒன்றுமில்லை. வகுப்பில் சொல்லத்தான் வழியில்லை.

நான்காம் பாடம், அளந்து போடுவது. இதுதான் பழமொழிப் பாடம். இதை ஒரு நாள் இரவு தம்பியின் மோட்டாரில் திரும்பி வரும்போது அவனுக்கே போட்டுக் காட்ட நேர்ந்தது.

அன்று இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தோம். நம் கையில் ஏஸும் ராஜாவும். உயர்த்தினோம். ஐந்து பேர் எட்டெட்டு டாலர் போட்டார்கள். மொத்தம் 40, மண்டபக் கூலி 4 போக 36. பொதுவில் ஏஸ், ஒன்பது, ஐந்து விழுந்தன. நாம் 4 போட்டோம். மூவர் விலகினார்கள்; தம்பி மட்டும் 4 போட்டுத் தொடர்ந்தான். குவியல் 44. அடுத்த சீட்டு இரண்டு. நாம் 8 போட்டோம். குவியல் 52. தம்பி கொஞ்ச நேரம் தன் சீட்டைப் பார்த்தான். பிறகு 8 டாலரைத் தள்ளினான். ரிவரில் ஆறு விழுந்தது. அவன் கையில் ஏழும் எட்டும்! ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது வரிசையாகிவிட்டது. “பார்த்தாயா, அண்ணா!” என்று அவன் குழந்தை போல் கூவினான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நாம் அந்த ஏழு வாரத்தில் வேறெங்கும் பார்க்கவில்லை.

மோட்டாரில் வரும்போது, “கடைசிக்கு முந்தின 8 டாலரை ஏன் போட்டாய்?” என்று கேட்டோம்.

“ஆறு வரும் என்று தோன்றிற்று, வந்தது.”

நாம் கணக்கைச் சொன்னோம். அவன் கண்ணில் படாத சீட்டு 46. அவற்றில் ஆறு என்பது நாலு. 46 தடவை இதே நிலையில் 8 டாலர் போட்டால், 4 தடவை அவனுக்குக் குவியலில் உள்ள 52-ம், நாம் கடைசியில் ஏமாந்து போடும் 8-ம் ஆக 60 கிடைக்கும், மொத்தம் 240. மற்ற 42 தடவை 8 டாலர் போகும், மொத்தம் 336. ஆக 96 டாலர் நஷ்டம். ஒரு தடவைக்கு இரண்டு டாலருக்குச் சற்று மேல். முந்தின கட்டத்தில் அவன் போட்ட 4 டாலரைக்கூட நாம் குற்றம் சொல்ல மாட்டோம். அங்கே 4 டாலருக்கு எதிரே 40 டாலர் இருந்தது. ஆனால் இந்த 8 டாலர் அளக்காமல் ஆற்றில் போட்டது. ஒரு ஜாதிச் சீட்டு நாலு சேர்ந்து ஐந்தாவதுக்குக் காத்திருப்பவனாக இருந்தால் கதை வேறு. அவனுக்கு உதவும் சீட்டு ஒன்பது. ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று வரும். ஆறரை மடங்கு பணம் எதிரில் இருக்கும்போது தாராளமாகப் போடலாம். கணக்கு ஒன்றே, போடலாமா வைக்கலாமா என்று அதுதான் சொல்ல வேண்டும், தோன்றுவது சொல்லக் கூடாது.

தம்பி கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினான். கணக்கு அவனுக்குத் தெரியாதது அல்ல. நம்மைவிட அவன் கெட்டிக்காரன். கடைசியில் சொன்னான்: “எனக்குப் புரியாமல் இல்லை, அண்ணா. கீழே வைக்க மனசு வரவில்லை. ஆபீசில் ஒரு காரியம் ஆறு மாதம் செய்தாலும் முடிவு தெரிவதில்லை. இங்கே இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை புதிதாக இரண்டு சீட்டுக் கொடுக்கிறார்கள். வைத்துவிட்டால் அது முடிந்து போய்விடுகிறது.”

இதற்கு நம்மிடம் விகிதக் கணக்கு ஒன்றும் இல்லை. பேசாமல் இருந்துவிட்டோம்.

இனி மண்டபக் கூலிக்கு வருவோம். நாம் ஆடிய மேஜையில் ஓர் ஆட்டத்துக்கு 4 டாலர். மணிக்கு முப்பத்தைந்து ஆட்டம் என்றால் 140 டாலர். ஒன்பது பேருக்கு வகுத்தால் தலைக்கு மணிக்குப் பதினைந்தரை டாலர். ஜெயித்தவர் சீட்டுப் போடுபவருக்கு ஒரு டாலர் இனாம் கொடுப்பது தனி. தம்பி வெள்ளிக்கிழமைக்கு ஐந்து மணியாக வருஷத்தில் ஐம்பது வாரம் உட்கார்ந்தால் 250 மணி. கூலி மட்டும் 3,875 டாலர். அவன் தோற்ற 6,180-இல் பாதிக்கு மேல் எந்த எதிராளிக்கும் போகவில்லை, நாற்காலிக்கே போயிற்று! மீதிதான் ‘இன்னும் ஒரு சீட்டுப் பார்ப்போமே’ என்ற ஆசைக்குப் போனது. சில்லறை ஆட்டம் என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் ஆட்டத்தில் கூலி சில்லறையாக இல்லை. சிறிய பந்தயத்தில்தான் அது அதிகமாகக் கடிக்கும்.

நம் சொந்த வரவு செலவையும் மறைக்கக் கூடாது. முதல் நாளுக்குப் பிறகு பன்னிரண்டு சாயங்காலம், ஏறக்குறைய ஐம்பது மணி நேரம் ஆடினோம். ஒவ்வொரு நாள் கணக்கையும் நோட்டுப் புஸ்தகத்தில் எழுதினோம். முடிவில் 212 டாலர் லாபம். மணிக்கு நாலு டாலரும் கொஞ்சமும். அந்த வருஷம் காலிபோர்னியாவில் சட்டப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர். ஹோட்டலில் தட்டுக் கழுவியிருந்தால் நாலு மடங்கு கிடைத்திருக்கும்.

அந்த லாபத்தையும் நம் சாமர்த்தியம் என்று மார் தட்டிக்கொள்ள முடியாது. இந்த ஆட்டத்தில் ஒரு மணியில் 80 டாலர் மேலே போவதும் கீழே போவதும் சகஜம். ஐம்பது மணிக்கு அந்த ஏற்ற இறக்கம் ஐந்நூறு டாலருக்கு மேல் இருக்கும். 212 என்பது அதற்குள் அடங்கிய தொகை. அதிர்ஷ்டமே நமக்குக் கொடுத்திருக்கலாம். நல்ல ஆட்டக்காரனா இல்லையா என்று நிச்சயமாகத் தெரிய நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆட வேண்டும். தம்பியைத் திருத்தப் போன இடத்தில், “இன்னும் கொஞ்சம் ஆடிப் பார்த்தால் தெரிந்துவிடும்” என்று நாமே நினைக்கத் தொடங்கியதை ஒரு நாள் கவனித்துத் திடுக்கிட்டோம்.

இன்னொன்றும் நெஞ்சை உறுத்திற்று. அந்த 212 டாலர் ஆகாயத்திலிருந்து விழவில்லை. எழுபது டாலருக்குக் குறையாமல் தம்பி கையிலிருந்து வந்தது என்று நோட்டுப் புஸ்தகம் சொல்லிற்று. அண்ணன் ஜேபியில் லாபம், தம்பி ஜேபியில் நஷ்டம். வீட்டுக்கு மொத்தத்தில் மண்டபக் கூலி நஷ்டம்! மீதியில் பெரும் பகுதி தபால்காரக் கிழவருடையது. எந்த ஏஸ் கையில் வந்தாலும் கீழே வைக்கத் தெரியாத மனுஷர். ஒவ்வொரு தடவை தோற்கும்போதும், “நன்றாக ஆடினீர்கள், புரொபஸர்” என்று மனமாரச் சொல்வார். கடைசி நாள் காப்பி குடிக்கும்போது, மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது என்றும், வீட்டில் நாள் முழுவதும் பேச ஆளில்லை என்றும், இங்கே வந்தால் தம் பெயரைச் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அவர் ஆட்டம் தெரியாமல் தோற்கவில்லை. துணைக்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த விலையைத்தான் நாம் விகிதக் கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டிருந்தோம். அந்தக் காப்பிக்கு நாம் காசு கொடுத்தோம். வேறென்ன செய்வது?

ஊருக்குக் கிளம்பும்போது தம்பியிடம் ஆட்டத்தை விடு என்று நாம் சொல்லவில்லை. தருமபுத்திரர் கதை தெரியாதவனா அவன்? நம் நோட்டுப் புஸ்தகத்தின் மிச்சப் பக்கங்களை அவனிடம் கொடுத்து, “கடைசி இரண்டு சீட்டுக்காக நீ போடும் ஒவ்வொரு எட்டு டாலரையும் இதில் எழுது, வந்ததையும் எழுது, போனதையும் எழுது” என்று மாத்திரம் சொன்னோம். வந்த ஆறு ஞாபகம் இருக்கும்; வராத ஆறுகளைக் காகிதந்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

இந்தியாவுக்குத் திரும்பியபின் இந்த விஷயம் நம்மை விடவில்லை. இங்கே மண்டபத்துக்குப் போக வேண்டிய சிரமமும் இல்லாமல், கையடக்க டெலிபோனிலேயே ரம்மியும் போக்கரும் வந்து சேர்ந்தன. மண்டபத்தில் மணிக்கு முப்பத்தைந்து ஆட்டம் என்றால் டெலிபோனில் அதைப்போல் பல மடங்கு. வீட்டுக்குப் போகும் நேரம் என்பதும் கிடையாது. நன்றாக ஆடினீர்கள் என்று சொல்லக் கிழவரும் கிடையாது. தமிழ்நாட்டுச் சட்டசபை 2022-இல் இதற்கு ஒரு தடைச் சட்டம் செய்தது. 2023 நவம்பரில் சென்னை ஹைக்கோர்ட்டார் சட்டம் செல்லும் என்றும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களாதலால் அந்தத் தடை அவற்றுக்குப் பொருந்தாது என்றும் தீர்ப்புச் சொன்னார்கள். 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி இணையத்தில் ஆடும் ஆட்டங்களையே தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று.

திறமை உண்டா என்று கேட்டால், உண்டு என்றே ஐம்பது மணி நேர அநுபவத்தில் சாட்சி சொல்வோம். ஆனால் அந்தத் திறமையில் முக்கால் பங்கு, ஆசை சொல்லும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது. அது கைவந்தவனுக்கு மேஜை அவசியமில்லை. கைவராதவனுக்கு மேஜை ஆபத்து. தேசத்துக்குச் சுயராஜ்யம் வந்தது 1947-இல். தன் கை தன் ஆட்சிக்கு வருவது என்பது ஒவ்வொருவனும் தனித்தனியே அடைய வேண்டிய சுயராஜ்யம். அதற்குச் சட்டம் துணை செய்யலாம். சட்டமே அதைக் கொடுத்துவிட முடியாது.

2025-ஆம் வருஷப் பொங்கலுக்குத் தம்பி மனைவி மக்களோடு கும்பகோணத்துக்கு வந்தான். நாலு டிக்கெட்டுக்கும் பணம் எப்படி வந்தது என்று அவன் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. நோட்டுப் புஸ்தகத்தை மாத்திரம் பெட்டியிலிருந்து எடுத்து நம்மிடம் கொடுத்தான். ஒன்பது வெள்ளிக்கிழமைகள் எழுதியிருந்தன. அதற்குப் பிறகு பக்கங்கள் காலியாக இருந்தன. எழுதுவதை நிறுத்தினானா, போவதை நிறுத்தினானா என்று பக்கங்கள் சொல்லவில்லை. அவன் மனைவியின் முகம் ஓரளவு சொல்லிற்று.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் கூடத்தில் பாயை விரித்து, புளியங்கொட்டையைப் பணமாக வைத்து, வழக்கம்போல் முந்நூற்று நாலு ஆடினோம். சின்ன வயசிலிருந்து தம்பி எந்தக் கையை வைத்துக்கொண்டும் மேலே மேலே கேட்டுக்கொண்டே போவான். எல்லாக் கொட்டையையும் இழந்துவிட்டு அம்மாவிடம் கடன் வாங்குவான். அன்று முதல் கையிலேயே சீட்டை விரித்துப் பார்த்தான், யோசித்தான், “பாஸ்” என்றான்.

அம்மா தன் சீட்டிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள். “என்னடா, உடம்பு சரியில்லையா?” என்றாள்.